மேட்டு நிலத்துக்கு ஏறிவரும் புயல்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், பேருந்து நிலையத்தை ஒட்டி நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் சாலையோடு இழுத்துக்கொண்டு போனது. ஃபெஞ்சல் புயல் இரண்டு நாள் முன்பு கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே. நேர்கோட்டில் அளந்தால் ஊத்தங்கரைக்குப் புதுச்சேரியைவிடப் பெங்களூருதான் சற்றுப் பக்கம். பெங்களூருவின் ஆண்டுச் சராசரி மழையே ஆயிரம் மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதில் பாதி ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது.

பெங்களூருவில் எங்கள் காக்ஸ் டவுனில் புயல் என்ற பேச்சு எழுந்தால் அது மெட்ராஸ்காரர்களின் கவலை என்றுதான் இன்றும் எடுத்துக்கொள்கிறோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. புயல் காற்று கூரையைப் பிய்த்துப் போட்ட கதை இங்கே யாரிடமும் இல்லை. காற்றைப் பொறுத்தவரை நாம் பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் புயல் என்பது காற்று மட்டும் அல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் நீராவியும் மேகமும் அதில் சேர்ந்தவை. காற்று கரையிலேயே தளர்ந்துவிடும். தண்ணீர் மேட்டு நிலத்துக்கும் ஏறி வரும். காற்றின் வேகத்தைக் கொண்டு புயலை எடைபோடும் நம் வழக்கத்தால் உள்நாட்டு ஊர்களுக்குத்தான் நஷ்டம் என்பது என் எண்ணம். அதை விளக்க, புயல் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

கடலின் மேற்பரப்பு வெப்பம் 26, 27 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ள இடங்களில் வெப்பமண்டலப் புயல் உருவாவதில்லை என்பதை பின்லாந்து வானிலை அறிஞர் எரிக் பால்மேன் 1948இல் எடுத்துக்காட்டினார். மற்ற நிபந்தனைகளை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கிரே 1968இல் ஒழுங்குபடுத்தினார். வெதுவெதுப்பு மேலாக மட்டும் இருந்தால் போதாது. ஐம்பது மீட்டர் ஆழம் வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்நீர் மேலே வந்து புயலுக்கு ஆதாரமான சூட்டைக் குறைத்துவிடும். வளிமண்டலத்தின் நடு அடுக்குகளிலும் ஈரம் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகையாவது விலகி இருக்க வேண்டும். அதற்குள்ளே பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை மிகவும் பலவீனம். கீழ்க்காற்றும் மேல்காற்றும் வேகத்திலும் திசையிலும் அதிகம் வேறுபடாமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் முன்னால், காற்று வந்து கூடுவதற்கு ஒரு தொடக்கச் சலனம் வேண்டும்.

இவை கூடிவந்தால் நடப்பது இதுதான். கடல்மேல் காற்று நீராவியைச் சுமந்துகொண்டு எழுகிறது. உயரத்தில் குளிர்ந்து நீராகும்போது, கடல் நீரை ஆவியாக்கச் செலவான வெப்பம் அத்தனையும் வெளியே வருகிறது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது விடும் வெப்பம் ஏழெட்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. கோடிக்கணக்கான டன் நீராவி இப்படி மாறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சூடான காற்று இன்னும் வேகமாக எழ, கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து ஈரக்காற்று பாய்ந்து வருகிறது. பூமியின் சுழற்சியால் அது நேரே மையத்துக்குப் போகாமல், நம் வட அரைக்கோளத்தில் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் வளைகிறது. வேகம் கூடக் கூடக் கடலிலிருந்து ஆவியும் கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழல் முற்றினால் நடுவே கண் திறக்கும். அங்கே காற்று அமைதி. அதைச் சுற்றிய சுவரில்தான் மிகக் கடுமையான காற்றும் மழையும்.

வங்கக் கடல் இதற்கு ஏற்ற கடல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீருக்கு மேலே லேசான அடுக்காகப் பரவி நிற்கிறது. கடல் மேலும் கீழும் எளிதில் கலப்பதில்லை. அதனால் மேல்பரப்பின் சூடு அங்கேயே தங்குகிறது. பசிபிக்கில் நலிந்துபோன சுழல்களின் மிச்சமும் தாய்லாந்து, மியான்மர் வழியாக வந்து சேர்ந்து மறுபடி வலுப்பெறுவது உண்டு. அரபிக்கடலோடு ஒப்பிட்டால் இங்கே புயல்கள் நான்கு மடங்கு அதிகம் என்பதே பழைய கணக்கு.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஈரத்துக்குக் குறைவில்லை, கடலும் சூடு. ஆனாலும் அப்போது பெரும் புயல் வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கீழே மேற்கிலிருந்து அடிக்க, அதற்கு மேலே பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து இன்னொரு காற்று பாய்கிறது. எழும்பும் மேகக் கோபுரத்தின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுபடுவதால் சூடு ஓரிடத்தில் குவிவதில்லை. ஆகவே புயலுக்கு இரண்டு பருவம்: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நமக்கு முக்கியமானது இரண்டாவது.

இனி பெயர் விஷயம். சுழலும் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் 13 நாடுகள் சேர்ந்து தந்த பட்டியலிலிருந்து ஒரு பெயர் கிடைக்கும். அதற்கு மேலே தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று ஏறி, 221க்கு மேல் போனால் சூப்பர் புயல். படி முழுவதும் காற்றின் வேகத்தால் அமைந்தது. கடலில் இருப்பவருக்கும் கரையோரம் குடிசையில் இருப்பவருக்கும் இந்தப் படி உயிர்காக்கும். 1999 அக்டோபர் 29இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அதே ஒடிசாவை ஃபைலின் தாக்கியபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இந்திய நிர்வாகம் பெருமைப்படத் தக்க செயல்கள் என்று என்னைக் கேட்டால் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனால் மழைக்கு இந்தப் படியோடு பெரிய உறவு கிடையாது. 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியபோது கடலில் பெயரிடப்பட்ட புயல் எதுவும் இல்லை. 2021 நவம்பர் 19இல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது வெறும் தாழ்வு மண்டலம். அதன் மழையில் திருப்பதி தத்தளித்தது. கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. கோலாரிலும் சிக்கபள்ளாப்பூரிலும் ஏரிகள் நிரம்பி வழிந்தன. பெங்களூரு எலகங்காவில் கேந்திரிய விகார் குடியிருப்பைச் சூழ்ந்த தண்ணீரில் மக்கள் படகில் வெளியேறினார்கள். ஃபெஞ்சலே புயல் படியில் அடிமட்ட வகை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வாவும் காற்றளவில் பெரிய புயல் அல்ல. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் மண் சரிந்து, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையகத் தமிழரின் லயன் வீடுகள் சரிவுகளிலேயே இருப்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் செய்தியின் பாரம் தெரியும்.

மழையின் அளவைத் தீர்மானிப்பது புயல் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது அல்ல, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியதும் ஏறத்தாழ அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. பிறகு வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது, கடலிலிருந்து வந்த ஈரக்காற்று கல்வராயன், ஜவ்வாது மலைகளில் மோதி எழும்பியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து வீட்டுக்குள் இருந்த 7 பேர் புதைந்து போனார்கள். ஊத்தங்கரை நனைந்ததும் இப்படித்தான். வலுவிழந்தது என்று வானொலியில் கேட்டவர்கள் ஆபத்து போய்விட்டது என்று எண்ணியிருப்பார்கள். வலுவிழந்தது காற்றுதான்.

காக்ஸ் டவுன்வாசிகளுக்குப் புயல், தாழ்வு மண்டலம் என்ற சொற்கள் வேறொரு வழியாகத் தெரியும். கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்களில் பல குடும்பங்களுக்கு வேர் வேலூர், ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கம். நவம்பரில் அங்கிருந்து போன் வரும். தொடர்ந்து இங்கே வானம் மூடும். சூரியனே தெரியாத மூன்று நாள், பகல் முழுவதும் ஒரே வெளிச்சம், நிற்காத தூறல், வடகிழக்கிலிருந்து உடம்பைத் துளைக்கும் வாடை. பழைய வீடுகளில் மரக்கதவுகள் உப்பி நிலையில் சிக்கிக்கொள்ளும். கொடி வராந்தாவுக்கு இடம் மாறும். ஜீன்ஸ் நாலு நாளானாலும் காயாது. மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் விலை ஏறியிருக்கும். காரணம் கேட்டால் மீன்காரர் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்: கூண்டு ஏத்திட்டாங்க. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு கடலுக்குப் போகாது. 2021 நவம்பர் மழையில் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் தக்காளி வயலிலேயே அழுகி, கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அந்தப் பெயரில்லாத தாழ்வு மண்டலம் ஒவ்வொரு சமையலறைக்கும் வந்துவிட்டது.

ஒவ்வொரு புயலும் இங்கே ஒரே மாதிரி நடப்பதில்லை. மையம் எங்கே கரையேறுகிறது என்பதைப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே ஏறி மேற்கே வந்தால் பெங்களூருவுக்கு நல்ல மழை. 2016 டிசம்பரில் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தாவின் மிச்சம் கர்நாடகத்தைக் குறுக்கே கடந்து அரபிக்கடலுக்குப் போனது. மையம் கரையை ஒட்டியே வடக்கே நழுவினால் இங்கே குளிரும் மூட்டமும் மட்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை இரண்டு நாள் மூழ்கடித்துவிட்டு ஆந்திராவின் பாபட்லா அருகே ஏறியது அப்படிப்பட்டது. ஒடிசாவுக்கோ வங்காளத்துக்கோ போகும் புயல் நம் பக்கத்து ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். 2019 மே மாதம் ஃபானி போன பிறகு தமிழ்நாட்டில் வெயில்தான் கொளுத்தியது.

கோடை இடிமழை முற்றிலும் வேறு. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நாலு மணிக்கு மேல் கறுத்து, ஆலங்கட்டியோடு அரைமணி நேரம் அடித்து, குல்மொகர் கிளைகளை மின்கம்பிமேல் சாய்த்துவிட்டுப் போவது நிலத்தின் சூட்டில் இங்கேயே உருவாகும் மேகம். பெங்களூருவில் மரத்தைச் சாய்க்கும் காற்று வருவது பெரும்பாலும் இதிலிருந்துதான். 2023 மே 21இல் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் காருக்குள் சிக்கி ஓர் இளம்பெண் இறந்தது இத்தகைய மழையில். 2024 ஜூன் 2இல் ஒரே நாளில் 111 மி.மீ. பெய்து, 1891 ஜூன் மாதத்துப் பதிவை முறியடித்தது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஏரியானதும் பருவமழையின் வேலை. புயலின் வேலை அல்ல. நகரில் தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு முறையும் வங்கக் கடலைக் குற்றம் சொல்ல முடியாது. இடிமழை அரைமணியில் முடிந்துவிடும். தாழ்வு மண்டலத்தின் மழை இரண்டு மூன்று நாள் விடாது பெய்து மண்ணை முழுக்க நிறைத்துவிடும். அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு துளியும் ஓடத்தான் வேண்டும். 2024 அக்டோபர் நடுவில் வந்த தாழ்வு மண்டலம் நகரை ஊறவைத்த பிறகும் மழை விடவில்லை. அக்டோபர் 22இல் இங்கிருந்து சில கிலோமீட்டரில் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்தது. தொழிலாளர்கள் பலியானார்கள். அனுமதி மீறிக் கட்டியதுதான் முதல் காரணம்; ஊறிய மண் அந்தக் குற்றத்தை வெளியே கொண்டுவந்தது.

ஒரு சதுர கிலோமீட்டரில் அந்த ஜூன் 2இல் பெய்தது போல 111 மி.மீ. மழை என்றால் 11 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். ஓட்டு வீடும் தோட்டமுமாக இருந்த காலத்தில் அதில் ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது சுற்றுச்சுவர் வரை சிமென்ட், அடித்தளத்தில் கார் நிறுத்தம். காக்ஸ் டவுனைச் சுற்றிக் குட்டைகள் இருந்த இடங்கள் பெயர்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அல்சூர் ஏரி பிழைத்துக்கொண்டது. மீதித் தண்ணீருக்கு ராஜகாலுவாய் எனும் பெருவடிகால்தான் வழி. அதன் அகலத்தை இருபுறமும் கட்டடங்கள் குறுக்கிவிட்டன.

எதிர்காலம் பற்றி அறிஞர்களிடையே எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை இல்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது உறுதியான இயற்பியல். புயல் மழை கனப்பதற்கு அதுவே போதும். எண்ணிக்கையில் நிலைமை சிக்கலானது. புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை அரபிக்கடலில் புயல்கள் 52 விழுக்காடு கூடியிருக்கின்றன, வங்கக் கடலில் 8 விழுக்காடு குறைந்திருக்கின்றன. திடீரென்று வலுப்பெறும் குணமும் அஞ்ச வைக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அப்படி வலுத்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. புயல்கள் உலகெங்கும் மெதுவாக நகரத் தொடங்கியுள்ளனவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. உள்நாட்டு ஊர்களுக்கு மிகவும் தேவையான விடை அதுதான்.

முன்னறிவிப்பு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகும் பதினோரு ஆண்டு கழித்துத்தான், 1875இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. இன்று புயல் எந்த மாவட்டத்தில் ஏறும் என்று இரண்டு மூன்று நாள் முன்பே சொல்கிறார்கள். வானிலைக் கருவிகளை இந்தியா சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று விடாமல் உழைத்த வானிலை அறிஞர் அன்னா மாணி, ஓய்வுக்குப் பின் பெங்களூருவிலேயே காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளுக்குப் பட்டறை வைத்தார் என்பதை இந்த ஊர் இன்னும் உரக்கச் சொல்லலாம். ஆனால் 50 செ.மீ. விழப்போவது ஊத்தங்கரையிலா, அரூரிலா, ஓசூரிலா என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம். அங்கே நிலத்தில் உள்ள மழைமானிதான் உண்மையைச் சொல்லும். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவிலும் நகரின் பல இடங்களிலும் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. புயலின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு அந்த எண்களைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

பார்க்க வேண்டியது நமக்காக மட்டும் அல்ல. நகரின் கிழக்குச் சரிவில் விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகவோ எலெமல்லப்ப செட்டி ஏரி வழியாகவோ தட்சிண பினாகினியில் சேர்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் அது நுரையும் நாற்றமுமாய் நுழைவதை மழைக்காலம்தோறும் அங்குள்ளவர்கள் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் அதன் பெயர் தென்பெண்ணை. கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஃபெஞ்சலின்போது, டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதம் ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்களில் தூக்கத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீரை உணர்ந்து எழுந்தார்கள். அந்த வெள்ளத்தில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மலைகளில் பெய்தது. பெங்களூருவின் பங்கு அதில் சிறிது. அடுத்த தாழ்வு மண்டலம் நூறு கிலோமீட்டர் வடமேற்கே தள்ளி நின்றால் பங்கு மாறிவிடும். பெங்களூருவில் கடைசி ஆறு மணி நேரத்தில் பெய்த மழையின் அளவு கெலவரப்பள்ளிக்கும் சாத்தனூருக்கும் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்கிறது என்பதை இரு மாநிலத்தவரும் அடுத்த அக்டோபருக்கு முன்பே கேட்டாக வேண்டும்.